நிவித்திகலவுக்கு ஒரு வில் அனுப்பலாமா?

ஸ்காபரோவில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன் ஒருநாள் இரவு வாட்ஸ்அப்பில் மூன்று வில்லுகளின் படங்களை அனுப்பினான். கூடவே ஒரு குரல் பதிவு. "அக்கா, நான் இந்த வருசம் புது வில் ஒண்டு வாங்கப்போறன். பழசு சும்மாதான் கிடக்கும். நிவித்திகல மாமாவுக்கு அனுப்பினா பன்றிக்கு உதவுமெல்லோ? நீங்கதானே கட்டுரை எல்லாம் எழுதுறனீங்க, ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ."

அவன் ஒன்ராறியோவில் அனுமதி எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். மாமா நிவித்திகலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்வெட்டுகிறவர். எங்கள் தாத்தா 1977 வன்செயலோடு அந்தத் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தார். மாமாவின் அப்பா வரவில்லை. 1981 இலும் 1983 இலும் சப்ரகமுவத் தோட்டங்களுக்கு மறுபடி அடி விழுந்தபோதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அதனால் இன்று ஒரே குடும்பத்தில் ஒருவன் பனியில் மான் பார்க்கிறான், ஒருவர் ரப்பர் மலையில் பன்றி பார்க்கிறார், நான் இரண்டுக்கும் நடுவில் இருந்து எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகள். வேட்டைக்கு ஒரு புதிய கொம்பவுண்ட் வில்லை எப்படி ஒப்பிட்டுத் தெரிவது? பழையதை மாமாவுக்கு அனுப்பலாமா? முதலாவதற்கு விடை தேடப் போய்த்தான் இரண்டாவதற்கு விடை கிடைத்தது. எனவே அதே ஒழுங்கில் சொல்கிறேன். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேட்டைக்குப் போகும் நம்மவர்கள் இப்போது குறைவில்லை. அவர்களுக்கு முதற்பாதி உதவும். வன்னியில் பன்றியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மற்றப் பாதி.

கொம்பவுண்ட் வில் என்பது நாம் கதைகளில் கேட்ட வில் இல்லை. சாதாரண வில்லை இழுக்க இழுக்கப் பாரம் கூடிக்கொண்டே போகும். முழுதாக இழுத்து நிற்கும்போதுதான் கை அதிகம் நடுங்கும், குறியும் அப்போதுதான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஹொலெஸ் வில்பர் அலன் என்பவர் இந்தச் சங்கடத்துக்கு ஒரு வழி கண்டார். வில்லின் இரு நுனிகளிலும் மையம் விலகிய கப்பிகளைப் பூட்டினார். 1966 இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969 இல் பெற்றார். கப்பி சுழலும்போது நடுவழியில் பாரம் உச்சத்துக்குப் போய், கடைசியில் சட்டென்று விழுந்துவிடும். இன்றைய வில்லுகளில் 80 வீதம் வரையும், சிலவற்றில் அதற்கு மேலும் விழும். 60 இறாத்தல் வில் என்றால் முழுதாக இழுத்து நிற்கும்போது விரலில் இருப்பது 12 இறாத்தல்தான். ஒரு நிமிடம் பொறுத்துக் குறிபார்க்கலாம். இந்த ஒரு வசதிக்காகத்தான் வேட்டைக்காரர்கள் அதற்கு மாறினார்கள்.

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வேகம். பெட்டியில் "செக்கனுக்கு 340 அடி" என்று பெரிதாக அடித்திருப்பார்கள். அந்த இலக்கம் பொய்யில்லை, ஆனால் அது உங்களுக்குரியதுமில்லை. 70 இறாத்தல் இழுவை, 30 அங்குல இழுவை நீளம், 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற நிபந்தனைகளில் அளந்தது அது. 30 அங்குல இழுவை நீளம் என்றால் ஆள் ஆறடிக்கு மேல் இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அப்படி?

உங்கள் இழுவை நீளத்தை வீட்டிலேயே கணிக்கலாம். சுவரோடு நின்று இரு கைகளையும் விரித்து, விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அங்குலத்தில் அளந்து இரண்டரையால் பிரியுங்கள். தம்பிக்கு 70 அங்குலம், ஆகவே 28. மாமாவை அத்தை சீலை அளக்கும் நாடாவால் அளந்து சொன்னார், 65. ஆகவே 26. இழுவை நீளத்தில் ஒரு அங்குலம் குறைந்தால் வேகம் ஏறத்தாழ 10 அடி குறையும். இழுவை எடையில் 10 இறாத்தல் குறைந்தால் 15 முதல் 20 அடி வரை குறையும். அம்பின் எடையில் மூன்று கிரெய்ன் கூடினால் ஒரு அடி போகும். நாணில் பூட்டும் சிறு பொருட்களும் கொஞ்சம் தின்னும்.

இதைத் தம்பிக்குப் போட்டுப் பார்த்தோம். 340 அடி வில், 28 அங்குலம், 60 இறாத்தல், 420 கிரெய்ன் அம்பு. மிஞ்சுவது 270 அடி அளவில். அம்பின் எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450,240 ஆல் பிரித்தால் அம்பு சுமந்து போகும் சக்தி அடி-இறாத்தலில் வரும். 68. மானுக்குத் தாராளம். காட்டுப்பன்றிக்கும் போதும். மாமாவுக்கு அனுப்ப நினைத்த பழைய வில் 315 அடி என்று அச்சடித்தது. 26 அங்குலம், 50 இறாத்தல், அதே அம்பு என்று வைத்தால் 212 அடி, சக்தி 42. வேட்டைக்காரர்கள் பன்றி அளவு மிருகத்துக்குச் சொல்லும் கீழெல்லை ஏறத்தாழ அதுதான். ஒரே வில்லே இரண்டு உடம்பில் இரண்டு வில் ஆகிறது. ஆகவே இலக்கத்தைப் பார்த்து வில் வாங்காதீர்கள். உங்கள் கையை அளந்து வாங்குங்கள்.

இழுவை எடையில் ஆண்பிள்ளைத்தனம் காட்டுவதும் ஒரு வழமையான பிழை. கதிரையில் இருந்தபடி, வில்லை வானத்துக்குத் தூக்காமல், நேராக முன்னே நீட்டி மெதுவாக இழுக்க முடிகிற எடைதான் உங்கள் எடை. குளிரில் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்தபின் உடம்பு பாதியாகிவிடும் என்று தம்பி சொல்கிறான். சட்டம் கேட்பதும் அவ்வளவு அதிகமில்லை. ஒன்ராறியோவில் மானுக்கு 700 மில்லிமீற்றர் இழுவைக்குள் குறைந்தது 18 கிலோ, அதாவது 40 இறாத்தல் அளவு. மூஸ், கரடி போன்றவற்றுக்கு 22 கிலோ. அம்பு முனை 22 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலத்தோடு, இரண்டு கூரிய விளிம்பாவது உள்ளதாக இருக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்னர் வேட்டைக் கல்விப் பாடநெறி, அட்டை, பருவ அனுமதி என்று ஒரு வரிசை இருக்கிறது.

இனி தம்பி அனுப்பிய மூன்று. ஒன்று மத்தியூஸ் நிறுவனத்தின் உச்ச வகை. இந்த வரிசை வில்லுகள் வெறும் வில்லே ஆயிரம் அமெரிக்க டொலருக்கு மேல். குறிகாட்டி, அம்புக்கூடு எல்லாம் வேறு செலவு. கையில் அதிர்வே இல்லை, ஓசை மிகக் குறைவு. ஆனால் இழுவை எடையைக் குறுகிய எல்லைக்குள்தான் மாற்றலாம். மற்றது பெயர் நிறுவனத்தின் குரூசர் ஜீ2. இழுவை எடை 5 முதல் 70 இறாத்தல், இழுவை நீளம் 12 முதல் 30 அங்குலம். மூன்றாவது டயமண்ட் நிறுவனத்தின் இன்ஃபினிட் எட்ஜ் புரோ. 5 முதல் 70 இறாத்தல், 13 முதல் 31 அங்குலம். கடைசி இரண்டும் குறிகாட்டி முதலியவற்றோடு பொதியாக வருபவை, உச்ச வகையின் பாதி விலைக்கும் கீழே கிடைப்பவை.

இப்படி அகல எல்லை உள்ள வில்லைப் "பிள்ளைகளின் வில்" என்று பகிடி பண்ணுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு வீட்டில் அப்பாவும் பதினான்கு வயது மகளும் ஒரே வில்லில் பழகலாம், தோள் நோவு வந்தால் எடையைக் குறைக்கலாம். எல்லாவற்றையும் மாற்றக்கூடிய வில் எதிலும் உச்சமாக இராது. நூறு அடிக்குள் நிற்கும் மானுக்கு அந்த உச்சம் தேவையுமில்லை.

வேகத்தைவிட ஓசையைக் கவனிக்கச் சொல்வேன். ஏனென்றால் எந்த அம்பும் ஒலியை முந்தாது. ஒலி செக்கனுக்கு 1,100 அடிக்கு மேல் போகிறது. 90 அடி தூரத்தில் நிற்கும் மானுக்கு நாண் விட்ட சத்தம் 0.08 செக்கனில் போய்ச் சேரும். 270 அடி வேக அம்பு சேர 0.33 செக்கன். நடுவில் கால் செக்கன். மிரண்ட மான் ஓடுவதற்காகக் கீழே பதிந்து எழும்ப அது போதும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலால் போகும். அல்லது, அதைவிடக் கெட்டதாக, முதுகில் குத்தி நிற்கும். சத்தம் குறைந்த வில்லும் கிட்டிய தூரமும் இருபது அடி வேகத்தைவிடப் பெறுமதி.

நீளமும் கவனிக்க வேண்டியது. கப்பி அச்சிலிருந்து அச்சுக்கு 30, 32 அங்குல வில் மரத்து மேடையிலும் கூடாரத்திலும் இடிபடாது. 36 க்கு மேல் போனால் அது இலக்குப் போட்டிக்காரர் வில். நாணுக்கும் பிடிக்கும் இடையிலான தூரம் 6 அங்குலத்துக்கு மிகக் குறைந்தால் வேகம் கூடும், பிடியில் செய்யும் சிறு பிழையும் பெரிதாகத் தெரியும். 7 அங்குலத்துக்குக் கிட்ட இருந்தால் புதியவருக்கு நல்லது. எந்தக் கண் முந்துகிறது என்று பார்க்காமல் வில் வாங்குகிறவர்களும் உண்டு. வலக்கைக்காரர் சிலருக்கு இடக்கண் முந்தும். அதைக் கடையிலேயே சோதியுங்கள்.

பழைய வில் வாங்கினால் ஒரு பஞ்சுத் துண்டைக் கையோடு கொண்டுபோங்கள். வில்லின் தண்டுகளில் பஞ்சைத் தடவிக்கொண்டு போனால் வெடிப்பு இருக்கும் இடத்தில் நார் பிடிக்கும். நாண் மயிர் பறந்திருந்தால் மாற்ற வேண்டும். எப்படியும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதுதான். உத்தரவாதம் பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும். அம்பு பூட்டாமல் ஒருக்காலும் இழுத்து விடக்கூடாது. அம்பு எடுத்துப் போக வேண்டிய சக்தி வில்லுக்குள்ளேயே திரும்பும், தண்டு சிதறிக் கண்ணில் அடித்த கதைகள் இருக்கின்றன. படம் எடுக்கும்போது பிள்ளைகள் செய்கிற முதல் வேலை இதுதான்.

அந்த நாண் விசயத்தில்தான் எனக்கு நிவித்திகல ஞாபகம் வந்தது. கொம்பவுண்ட் வில்லின் நாணைக் கையால் மாற்ற முடியாது. தண்டுகளை அமுக்கிப் பிடிக்கும் ஒரு அழுத்தி வேண்டும், அது வில்லுக் கடைகளில் இருக்கும். இரத்தினபுரிப் பகுதியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. லயத்து அறையில் சீனிப் போத்தலே கட்டிபட்டுப் போகும் இடம். அங்கே ஒரு நாண் அறுந்தால், ஒரு கப்பி சாய்ந்தால், அதோடு வில் சுவரில் தொங்கும் சாமான்தான்.

நான் இரண்டு நாள் போய் நின்றேன். மாமாவின் மரவள்ளிக் கொத்து லயத்துக்குப் பின்னால், ரப்பர் மலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் இருக்கிறது. கால் ஏக்கருக்கும் குறைவு. போன முறை நான் பார்த்தபோது தோளுயரம் நின்ற மரவள்ளி இந்த முறை உழுத வயல் போலக் கிடந்தது. "நேத்து ராத்திரி பதினோரு மணி இருக்கும் புள்ள. நாய் குரைச்சுச்சு. டோச்ச எடுத்துகிட்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பெரிசு ஒண்ணு, குட்டிங்க ஆறு ஏழு" என்றார். அத்தை எஞ்சிய கிழங்கைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார். கிழங்குக்கு எவரும் நட்டஈடு தருவதில்லை. தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. வேலை நாள் குறைந்த மாதத்தில் அந்தக் கிழங்குதான் இரவுச் சாப்பாடு. தம்பியின் இரண்டாந்தர வில் ஒன்றுக்குச் சொல்லும் 500 டொலர், அந்தச் சம்பளத்தில் மாதக்கணக்கான வேலை.

வில்லைப் பற்றிச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கேட்டார், "ராத்திரியில வர்ற பன்னிய எப்படி வில்லால அடிக்கிறது?"

அந்தக் கேள்விக்குள் எல்லாம் இருக்கிறது. கொம்பவுண்ட் வில் பகல் வெளிச்சத்தில், நிற்கும் மிருகத்துக்கு, அளந்த தூரத்தில் விடுவதற்குச் செய்தது. பன்றியின் உயிர்நிலை நாம் நினைப்பதைவிடக் கீழேயும் முன்னேயும் இருக்கிறது. கடாவுக்குத் தோளில் தடித்த கேடயத் தோல் வேறு. 42 அடி-இறாத்தல் அம்பு அங்கே கொஞ்சம் பிசகினால் பன்றி விழாது, ஓடும். அம்பு கொல்வது அதிர்ச்சியால் அல்ல, இரத்தப்போக்கால். சரியாகப் பட்ட மிருகமும் நூறு யார் ஓடித்தான் விழும். வேட்டைக்காரர் அரை மணித்தியாலம் காத்திருந்து இரத்தத் தடம் பிடித்துப் போக வேண்டும். நிவித்திகலவில் அது அட்டை நெளியும் சரிவிலும், மண் தள்ளிய பழைய இரத்தினக்கல் குழிகளுக்கு நடுவிலும் இரவில் போவது. வன்னி வாசகர்கள் தங்கள் ஊரை வைத்து யோசித்துப் பாருங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை வருடக்கணக்காக நடக்கும் முகமாலைப் பக்கத்தில் காயம்பட்ட பன்றியின் தடம் பிடித்து யார் பற்றைக்குள் இறங்குவார்?

இனிச் சட்டம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட மிருகம் அல்ல. இதைக் கேட்டதும் பலர் "அப்ப அடிக்கலாம்தானே" என்கிறார்கள். இடம் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளும் ஒதுக்கக் காட்டுக்குள்ளும் அடிக்க முடியாது. நிவித்திகலவிலிருந்து கலவானைப் பாதையில் போனால் சிங்கராஜ வனம். 1988 இல் உலக மரபுரிமையானது. காட்டின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பது இருட்டில் எவருக்கும் தெரியாது. அடுத்தது, மாமா நிற்கும் நிலமே அவருடையது இல்லை. 1992 இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளுக்குக் கைமாறியது, நிலம் அரசினுடையது. பயிர்ப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி கேட்கவும் காணி காட்ட வேண்டும். ஐந்து தலைமுறையாக அதே லயத்தில் இருப்பவரிடம் காட்டுவதற்கு உறுதி இல்லை. மூன்றாவதாக, இருட்டில் அசைவது பன்றிதான் என்று எப்படித் தெரியும்? மரை, புள்ளிமான், சருகுமான் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. ஒரு தவறான அம்புக்குப் பிறகு அது பன்றி வேட்டை இல்லை, வழக்கு.

இதற்கும் மேலாக ஒன்று இருக்கிறது. அதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2010 இல் நான் கமெரா முக்காலியை உறையோடு கொண்டுபோனபோது ஒரு சோதனைச்சாவடியில் ஒன்றரை மணித்தியாலம் வைத்திருந்தார்கள். நீளமான உறைக்குள் என்ன என்பதுதான் கேள்வி, முக்காலியை விரித்துக் காட்டியும் முடியவில்லை. கனடாவிலிருந்து நீளப் பெட்டியில், கத்தி முனை அம்புகளோடு, சிங்கள ஊர்கள் சூழ்ந்த தோட்டத்து லயத்துக்கு, தமிழ்ப் பெயருக்கு ஒரு பொதி வந்தால் என்ன நடக்கும் என்று நான் தம்பியிடம் கேட்டேன். "அது வில்தானே அக்கா" என்றான். அவன் 2006 இல் போனவன், சின்னப் பிள்ளை. மாமாவுக்கு நான் அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. "துவக்குன்னாலும் வில்லுன்னாலும் கேக்குறவங்களுக்கு ஆயுதம்தான்" என்று அவரே சொன்னார். 83 இல் லயத்துக் கதவைப் பூட்டிவிட்டு மூன்று இரவு ரப்பர் மலையில் படுத்த பையன் அவர்.

இந்தத் தீவில் வில் புதிதில்லைதான். சபரகமுவ என்ற பெயரிலேயே வேடர் இருக்கிறார்கள் என்பார்கள். தம்பானை வேடர்கள் மாதுரு ஓயா 1983 இல் தேசிய பூங்காவானபோது வேட்டைக் காட்டை இழந்தார்கள். வாகரைப் பக்கம் தமிழ் பேசும் கரையோர வேடர்கள் இருக்கிறார்கள். வில்லோடு பிறந்தவர்களுக்கே காடு அடைபட்டுப்போன நாட்டில் நாங்கள் பொதியில் வில் இறக்கப் பார்க்கிறோம்.

அப்படியானால் ஊரில் பன்றிக்கு என்ன செய்கிறார்கள்? வெளிப்படையாகச் சொன்னால், சுருக்கு வைக்கிறார்கள். பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிள் போதும், செலவில்லை. சுருக்கு ஆள் பார்க்காது. 2020 மே 26 இல் நல்லதண்ணியில், லக்ஷபானத் தோட்டத்து மரக்கறிக் கொத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், 29 ஆம் திகதி இறந்தது. நாடே அந்தப் படத்தைப் பார்த்தது. வைத்தவன் சிறுத்தைக்கு வைக்கவில்லை. கட்டுத்துவக்கு இன்னும் மோசம், கம்பி இடறினால் முழங்காலுக்குக் கீழே சுடும். அதிகாலை பால்வெட்டப் போகும் ஆளின் கால் உயரமும் பன்றியின் நெஞ்சுயரமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஹக்கபட்டாஸ் வெடிகளில் வாய் சிதறி இறந்த யானைக்குட்டிகளின் படங்கள் கிழக்கிலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்தபடி இருக்கின்றன. வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்கு இழுத்து, காலையில் அதிலேயே பக்கத்து வீட்டார் இறந்த ஊர்கள் எனக்குத் தெரியும்.

அரசு 2025 மார்ச் 15 இல் காலை 8 மணிக்கு ஐந்து நிமிடம் பயிர் அழிக்கும் மிருகங்களை எண்ணச் சொன்னது. மாமா எண்ணினாரா என்று கேட்டேன். "எட்டு மணிக்குப் பன்னி எங்க புள்ள இருக்கு, அது தூங்கும்" என்றார். கேரளத்தில் 2022 இலிருந்து உள்ளூராட்சி மன்றமே அனுமதி கொடுத்து, துப்பாக்கி உரிமம் உள்ளவரைக் கொண்டு சுடுவிக்கிறது. வெடி, நஞ்சு, மின்சாரம் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். சரியோ பிழையோ, அங்கே விவசாயி போய்க் கதவைத் தட்ட ஒரு அலுவலகம் இருக்கிறது. இங்கே கிராம உத்தியோகத்தர் வனஜீவராசிகள் அலுவலகத்தைக் காட்டுவார், அவர்கள் தோட்ட நிருவாகத்தைக் காட்டுவார்கள், நிருவாகம் கொத்து வைக்க யார் அனுமதி தந்தது என்று கேட்கும்.

இவற்றுக்குள் எனக்கு ஓரளவு சரியாகப் பட்டது எனர்ஜைசர் வைத்த சூரியசக்தி வேலி. வீட்டு மின்சாரம் தொடர்ந்து பாயும், பிடித்தவனை விடாது. எனர்ஜைசர் செக்கனுக்கு ஒருமுறை அளவில், செக்கனில் மிகச் சிறு பங்கு நேரம் மட்டும் ஒரு துடிப்பைத் தரும். அடிக்கும், நோகும், கையை எடுக்கலாம். பன்றி தலையைத் தாழ்த்தி மூக்கால் தள்ளி வரும் மிருகம் என்பதால் கம்பி கீழேதான் வேண்டும். நிலத்திலிருந்து 20 சென்ரிமீற்றரில் ஒன்று, 40 இல் ஒன்று. யானைக்கு இழுப்பது போல உயரத்தில் இழுத்தால் பன்றி குனிந்து போய்விடும். புல் வளர்ந்து கம்பியில் பட்டால் சக்தி நிலத்துக்கு ஓடிவிடும், ஆகவே நிவித்திகல மழைக்குக் கிழமைக்கு ஒருமுறையாவது அடியைச் செதுக்க வேண்டும். நிலக்கம்பியை ஆழமாக இறக்க வேண்டும். கிழங்கு முற்றும் வரை ஒருநாளும் நிற்பாட்டக்கூடாது. ஒரு இரவு அடி வாங்காமல் உள்ளே வந்த பன்றிக்குப் பிறகு வேலி வெறும் கம்பி. காசு இல்லாதவர்கள் பழைய சீலையைச் சுற்றிக் கட்டுகிறார்கள். மனித வாசனைக்கும் அசைவுக்கும் சில கிழமை பயப்படும், பிறகு பழகிவிடும்.

தம்பியோடு மூன்று தரம் பேசவேண்டியிருந்தது. கடைசியில் பழைய வில்லை அவன் அங்கேயே ஒரு கழகத்துப் பையனுக்கு விற்றான். அந்தக் காசு மாமாவின் பெயருக்கு வந்தது. பொதியாக அல்ல, வங்கிக்கு. தனக்கு அவன் மத்தியூஸ் வாங்கவில்லை. கடையில் மூன்றையும் இழுத்துப் பார்த்தபோது இன்ஃபினிட் எட்ஜ் புரோதான் 28 அங்குலத்தில் தோளுக்கு இதமாக இருந்ததாம், மகளும் பழகலாம் என்று எடுத்தான். 60 இறாத்தலில் தொடங்காதே, 50 இல் தொடங்கு என்றேன். கேட்டானோ தெரியாது.

மாமா தோட்ட நிருவாகத்திடம் வாயால் சொல்லிவிட்டு வேலியை இழுத்தார். எழுத்தில் கேட்டால் இல்லை என்பார்களாம். எனர்ஜைசரும் பற்றரியும் சூரியத்தகடும் இரத்தினபுரியில் வாங்கினார். ரப்பர் தடிகள்தான் கட்டைகள். போன கிழமை அத்தையின் குரல் பதிவு வந்தது. பன்றி இரண்டு இரவு வந்து வேலியோரம் கத்திவிட்டுப் போயிருக்கிறது. இப்போது கீழே ஒரு சிங்களக் குடும்பத்தின் வத்தாளைக் கொத்துக்குள் இறங்குகிறதாம். "அந்த மாத்தயா நேத்து வந்து மாமாகிட்ட கேட்டுட்டுப் போனாரு, இந்தக் கம்பிய எங்க வாங்குனீங்கன்னு. மாமா கூடப்போயி கட்டிக் குடுக்கப் போறாரு, ஞாயித்துக்கிழமை."